பங்குனி, சித்திரையில் குளத்துக் கரை நடை: அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பங்குனி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குளத்துக் கரையில் நடப்பது எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம். பெரும்பாலும் கோவை சிங்காநல்லூர் குளம்தான். லீவு சேர்ந்து வந்தால் சூலூர், நஞ்சராயன் குளம், வெள்ளோடு. ஆரம்பத்தில் நானும் மகளும் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா, பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மாமா, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று ஆள் சேர்ந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

ஏனுங்க, நம்ம ஊர்ல வசந்த காலம்னு ஒண்ணு இருக்குதுங்களா? வெயில் மட்டும்தானே இருக்கு?

இருக்கிறது. மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் சித்திரை, வைகாசியை இளவேனில் என்றும் பிரித்து வைத்தார்கள் நம் முன்னோர்கள். எங்கள் பக்கத்தில் அது கொஞ்சம் முந்திக்கொள்ளும். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, ராத்திரி கம்பத்தாட்டம் தொடங்குகிற நாட்களில் குளத்துக் கரையில் போய் நின்று பாருங்கள். புங்கன் பழைய இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தளதளவென்று புது இலையோடு நிற்கும். வேம்பு பூத்திருக்கும்.

இந்த ஆறேழு வாரம்தான் எனக்கு ஆண்டிலேயே பிடித்த காலம். குளிர்காலத்துக்கு வந்த பறவைகள் இன்னும் முழுதாகக் கிளம்பியிருக்காது. உள்ளூர்ப் பறவைகள் கல்யாணக் களையோடு நிறம் மாறத் தொடங்கியிருக்கும். மரமும் பூத்திருக்கும். மூன்றையும் ஒரே நடையில் பார்க்க மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரைதான் நாள்.

எத்தன மணிக்குப் போனா நல்லாப் பாக்கலாம்?

ஆறு மணிக்குக் கரையில் இருங்கள். பங்குனியில் ஆறேகால் வாக்கில் சூரியன் எட்டிப் பார்க்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறிவிடும், பறவைகளும் நிழலுக்குள் ஒதுங்கிவிடும்.

நேரத்தைவிட முக்கியமான ஒன்று, நிற்கிற இடம். காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் மேல் விழும், பறவையின் நிறம் அப்படியே தெரியும். மேற்குக் கரையில் நின்றால் கண் கூசும். எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும். போன வருடம் வந்த ஒரு குடும்பம் அப்படி நின்று பார்த்துவிட்டு, "எல்லாமே காக்கா மாதிரி இருக்குதுங்க" என்று திரும்பிப் போகப் பார்த்தார்கள். கையைப் பிடிக்காத குறையாகக் கிழக்குப் பக்கம் கூட்டிப் போனேன். சாயங்காலம் என்றால் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் குளத்துக்குப் போறது? வெள்ளோடு வரைக்கும் போய்த்தான் ஆகணுமா?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குளத்துக்கு முதலில் போங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் வரை சுமார் 180 கிலோமீட்டர் ஓடுகிற நொய்யலை நம்பி வெட்டிய குளங்கள் கோவையிலும் சுற்று வட்டாரத்திலும் வரிசையாக இருக்கின்றன. ஆற்றில் அணை கட்டி வாய்க்கால் வழியாக ஒரு குளத்தை நிரப்பி, அது நிறைந்தால் அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். பேரூர், உக்கடம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று நம்மில் பலருக்கு ஒரு குளமாவது நடை தூரத்தில் இருக்கும்.

நாள் முழுக்கச் செலவழிக்க முடிந்தால் இரண்டு இடம் சொல்வேன். திருப்பூர் ஊத்துக்குளிச் சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்குத் தருகிற தகுதி அது. இன்னொன்று ஈரோடு, சென்னிமலைச் சாலையில் வெள்ளோடு. சுமார் 77 ஹெக்டேர், 2022இல் ராம்சார் தகுதி பெற்றது. அங்கே சுற்றுப்புற ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருந்து வருகிறார்கள். வெள்ளோட்டுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அந்த ஊர்ப் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன்.

பைனாகுலர் இல்லாமப் போனா வேஸ்டுங்களா?

இல்லை. முதல் நான்கு நடைக்கு அது தேவையே இல்லை. கொக்கு, நாமக்கோழி, மீன்கொத்தி எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். வாங்குவதாக இருந்தால் எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42) என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, நாற்பத்திரண்டு முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் நல்லது என்று இருபது மடங்கு வாங்கிவிடாதீர்கள். கை நடுக்கமும் இருபது மடங்காகத் தெரியும். போனில் மெர்லின் செயலியைப் போட்டுக்கொண்டால் பெயர் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்கும்.

அந்தக் கருப்புக் கோழிமாதிரி நூத்துக்கணக்குல மிதக்குதே, அது என்ன வாத்து?

அது வாத்தே இல்லை, நாமக்கோழி. உடம்பு கரிக்கருப்பு, நெற்றியில் அலகோடு சேர்ந்து வெள்ளையாக ஒரு பட்டை, நாமம் போட்ட மாதிரி. அதனால்தான் அந்தப் பெயர். பறக்கக் கிளம்பும்போது தண்ணீர் மேல் தபதபவென்று ஓடித்தான் எழும்பும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் மறக்காது.

அதே சாயலில் நெற்றி சிவப்பாக, வாலைச் சொடுக்கிக்கொண்டு கரையோரக் கோரைக்குள் போவது தாழைக்கோழி. தாழைக்கோழியைவிடப் பெரிதாக, ஊதாவும் நீலமுமாக, சிவந்த காலால் கோரைத் தண்டைப் பிடித்துத் தின்பது நீலத் தாழைக்கோழி. பெயர் தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள்.

சின்னதாக, உருண்டையாக மிதந்துகொண்டே இருந்து திடீரென்று காணாமல் போவது முக்குளிப்பான். அது முங்கியதும் எண்ணத் தொடங்குங்கள், பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. எங்கே முளைக்கும் என்று இதுவரை எங்கள் கூட்டத்தில் யாரும் சரியாகச் சொன்னதில்லை. இந்தக் காலத்தில் அதன் கழுத்து செங்கல் நிறமாக மாறி, வாயோரத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு பொட்டு வந்திருக்கும். குஞ்சு பொரித்துவிட்டால் முதுகில் ஏற்றிக்கொண்டு போகும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பறவைங்க, முட்டை போட இங்க வருதுன்னு சொல்றாங்களே?

அநேகமாக எல்லாரும் நம்புகிற தவறு இது. வடக்கே இருந்து வருகிற வாத்துகளும், சேற்றில் இரை தேடுகிற கரையோரப் பறவைகளான உள்ளான்களும் இங்கே முட்டை இடுவதில்லை. அங்கே பனி மூடி இரை கிடைக்காத மாதங்களைக் கழிக்கத்தான் இங்கே வருகின்றன. முட்டை இடுவதும் குஞ்சு வளர்ப்பதும் சைபீரியா, மத்திய ஆசியா, ஐரோப்பா பக்கத்தில். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, பொரி உள்ளான், தகைவிலான் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பங்குனியில் அவை மும்முரமாகத் தின்பது கிளம்புவதற்காகத்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க உடம்பில் கொழுப்பு வேண்டுமே.

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா ஆகியவை நம் நாட்டுக்காரர்கள். தண்ணீர் இருக்கிற இடம் பார்த்து மாவட்டம் விட்டு மாவட்டம் போகும், இங்கேயே கூடு கட்டும். பெரிதாக இருப்பதாலேயே இவற்றை வெளிநாடு என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்ப செங்கால் நாரைன்னு சொல்றது இதத்தானுங்களா, ரோஸ் கலர் வால் இருக்கறது?

ரோஸ் இறகு தெரிவது மஞ்சள் மூக்கு நாரை. அதற்கும் கால் சிவந்துதான் இருக்கும், அதனால்தான் குழப்பம். செங்கால் நாரை என்பது உடம்பு வெள்ளையாக, அலகும் காலும் சிவப்பாக இருக்கிற இன்னொரு பறவை. அது வெளிநாட்டிலிருந்து வருவது, நம் குளங்களில் பார்ப்பது அரிது.

சாயங்காலம் புகைமாதிரி கூட்டமாச் சுத்துதே, அது என்னங்க?

சூறைக்குருவி. சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். மைனா வகை. உடம்பு ரோஜா நிறம், தலையும் இறக்கையும் கருப்பு. இதுவும் வெளியூர் விருந்தாளிதான். மத்திய ஆசியா, கிழக்கு ஐரோப்பாப் பக்கம் பாறை இடுக்குகளில் கூடு கட்டும். ஆகஸ்ட் முதலே வரத் தொடங்கி ஏப்ரலில் கிளம்பிவிடும்.

எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) இதன் மேல் கோபம் உண்டு. சோளக் கதிரில் இறங்கினால் காடே காலி என்பார். அதே பறவை வெட்டுக்கிளியைத் தின்று தீர்ப்பதையும் அவர்தான் சொன்னார். இரண்டும் உண்மை. மாசிக் கடைசியில் கல்யாண முருங்கை சிவப்பாகப் பூத்திருக்கும்போது அந்த மரத்தடியில் நின்று பாருங்கள். தேனுக்கு அடித்துக்கொள்கிற சத்தம் சந்தைக்கடை மாதிரி இருக்கும், நெற்றியெல்லாம் மகரந்தம் ஒட்டியிருக்கும்.

குயில் கூவுறது ஆணா, பொண்ணா?

ஆண். கரிக்கருப்பு, சிவந்த கண். பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், கிக் கிக் கிக் என்று அவசரமாகக் கத்தும். குயில் கூவத் தொடங்கினால் பக்கத்தில் காக்கை கூடு கட்டத் தயாராகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூட்டில்தான் இது முட்டை இடப் போகிறது.

கரை பூராப் பொரி கொட்டுனமாதிரி கெடக்குதே, என்ன பூ?

புங்கம்பூ. கொஞ்சம் குனிந்து ஒன்றைக் கையில் எடுங்கள். தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது பக்கத்தில் வெளிர் ஊதாவாக இருக்கும், காம்புப் பக்கம் செம்பழுப்பு. அவரைப் பூவைப் போன்ற அமைப்பு, அதே குடும்பம்தான். ஒரு மரத்தடியில் ஒரு நாள் விடியலில் உட்கார்ந்திருந்தோம். காற்றே இல்லை, ஆனாலும் பூ விழுந்துகொண்டே இருந்தது. அண்ணாந்து பார்த்தால் மரம் முழுக்கத் தேனீ. ஒரு தேனீ பூவில் உட்கார்ந்து எழும்போது அந்தக் கனத்துக்கே பூ கழன்று விழுகிறது. மகள் தலையில் விழுந்த பூக்களைத் தட்டாமல் வீடு வரை வந்தாள்.

மஞ்சப் பூ மரமெல்லாம் கொன்னைதானுங்களா?

இல்லை. பூ கீழே சரம் சரமாகத் தொங்கினால் சரக்கொன்றை. காய் நீளமாக, உருளையாக, கருப்புக் கம்பு மாதிரி இருக்கும். சித்திரைக்கனிக்குத் தட்டில் பழத்தோடும் கண்ணாடியோடும் வைப்பது இந்தப் பூவைத்தான். பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நின்று, காய் தட்டையாகச் செம்பு நிறத்தில் இருந்தால் அது இயல்வாகை. சாலையோரம் நிறைய இருக்கும். இடுப்பளவு செடியில் பூத்தால் ஆவாரை. இலையே இல்லாமல் மரம் முழுக்கக் குழல் மாதிரி மஞ்சளாகப் பூத்து இரண்டு வாரத்தில் கொட்டிவிடுவது தபேபுயா, தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டு வந்தது.

கரையில இருக்கற வேப்பம்பூவப் பறிச்சுக்கலாமா?

விழுந்ததைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரி பழைய சேலையை விரித்து வைத்தால் காலையில் வருடப்பிறப்புப் பச்சடிக்கும் ரசத்துக்கும் போதுமான பூ சேர்ந்துவிடும். வாகனப் புழுதி படுகிற ரோட்டோர மரம் மட்டும் வேண்டாம். கிளையை ஒடிக்காதீர்கள். இன்று பூவாக இருப்பதுதான் பின்னால் மைனாவும் குயிலும் தின்கிற வேப்பம்பழம்.

பிள்ளைங்க பொரி, பிரெட்டு போடணும்னு கேக்கறாங்க. போடலாமா?

வேண்டாம். நாமக்கோழிக்குப் பாசியும் நீர்ச்செடியும், கொக்குக்கு மீனும் பூச்சியும் அங்கேயே இருக்கின்றன. போடுகிற பிரெட் ஊறித் தண்ணீரைக் கெடுக்கும், நாய்களையும் காக்கைகளையும் கூட்டும். காக்கை சேர்ந்தால் முதலில் போவது மற்றப் பறவைகளின் முட்டைதான். பிள்ளைகளை முக்குளிப்பான் எண்ணச் சொல்லுங்கள்.

ஆகாயத்தாமரையில பறவ நடக்குதே, அப்ப அத எதுக்கு எடுக்கச் சொல்றாங்க?

நல்ல கேள்வி. நீளவால் இலைக்கோழியை அதன் மேல்தான் நாமும் பார்க்கிறோம். விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கும். கனம் பரவி விழுவதால் இலை மேல் மூழ்காமல் நடக்கிறது. ஆகாயத்தாமரைப் பூவும் அழகுதான், மேல் இதழில் மயில் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு.

ஆனால் அது தென்னமெரிக்கச் செடி. நகரத்துச் சாக்கடையை உண்டு கொழித்துக் குளத்தையே மூடிவிடும். மூடினால் கீழே வெளிச்சம் போகாது, தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் சாகும். வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் திறந்த தண்ணீர் வேண்டும். எனவே எடுக்கத்தான் வேண்டும். நான் கேட்டுக்கொள்வது, ஒரே நாளில் இயந்திரத்தை இறக்கிக் கரையோரக் கோரையையும் சேர்த்து வாரிவிடக்கூடாது என்பதுதான். தாழைக்கோழியின் கூடு அந்தக் கோரைக்குள் இருக்கிறது. கூடு கட்டுகிற மாதங்களைத் தவிர்த்து, பகுதி பகுதியாக எடுத்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

தண்ணி ரொம்பி இருந்தா பறவ நெறைய வரும்தானே?

அப்படித்தான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். ஒரு பங்குனியில் குளம் பாதிக்கு மேல் வற்றிப்போய்க் கிடந்தது. வருத்தத்தோடு போனால், சேறு தெரிந்த பக்கமெல்லாம் உள்ளான்கள், வாலாட்டிகள், அரிவாள் மூக்கன்கள். நிறைந்திருந்த மாதங்களில் அந்தப் பக்கம் ஒரு பறவையும் இருந்ததில்லை.

காரணம் கால் நீளமும் அலகு நீளமும்தான். பொரி உள்ளான் கணுக்கால் அளவுத் தண்ணீரில்தான் இரை தேட முடியும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து கழுத்து எட்டும் ஆழம் வரை மேயும். நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் ஆழம் வேண்டும். ஒரு குளத்தில் மேடும் பள்ளமும் சரிவான மண்கரையும் இருந்தால்தான் எல்லாருக்கும் இடம். சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்து, விளிம்பு வரை நிரப்பி வைத்தால் நமக்கு நடக்கச் சௌகரியம், உள்ளானுக்கு நிற்க ஒரு சாண் இடம் இருக்காது. குளத்தை அழகு பண்ணுகிறபோது ஒரு பக்கக் கரையையாவது மண்ணாக, சரிவாக விட்டுவைக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

மூக்கப் பொத்திட்டு நடக்கறோம், இத்தன சாக்கடையில எப்படிப் பறவ இருக்கு? அப்ப தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. சாக்கடைச் சேற்றில் ஆக்சிஜன் குறைவாக இருந்தாலும் வாழ்கிற சிவப்புப் புழுக்கள் உண்டு. நெடுங்கால் உள்ளான் அவற்றைத் தேடிக் கூட்டமாக வரும். ஆயிரம் நெடுங்கால் உள்ளான் நிற்பதால் குளம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. தலை எண்ணிக்கையைவிட எத்தனை வகை என்று பாருங்கள். மேலிருந்து குறிபார்த்துப் பாய்கிற மீன்கொத்திக்குத் தண்ணீருக்குள் கண் தெரிய வேண்டும். ஒரு மூலையில் மீன்கொத்திகள் குறைந்துகொண்டே வந்து நெடுங்கால் உள்ளான் கூடிக்கொண்டே போனால், அந்த மூலையில் எந்த வாய்க்கால் கலக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆள்காட்டி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துது. தொரத்தறதுக்கு எதாச்சும் பண்ணலாமா?

நீங்கள்தான் நகர வேண்டும். அது கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. கூடு என்று ஒன்றும் கட்டாது. சரளைக் கல்லுக்கு நடுவில் லேசாகப் பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டை வைக்கும். முட்டை கல் நிறத்திலேயே புள்ளி போட்டிருக்கும். ஒரு தடவை என் செருப்புக்கு அரையடி தள்ளி இருந்ததை மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அன்றிலிருந்து பங்குனியில் வரப்பிலும் பாதையிலும் மட்டும்தான் கால் வைக்கிறேன்.

நல்ல தூரத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தோம். தாய்ப்பறவையோ தந்தையோ தெரியாது, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர் விளிம்புக்குப் போய் வயிற்றை நனைத்தது. நனைந்த வயிறோடு விறுவிறுவென்று நடந்து வந்து முட்டைகள் மேல் உட்கார்ந்தது. பத்து மணி வெயில், கல் சுடுகிற நேரம். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்று நினைத்திருந்த எங்களுக்கு, முட்டையைக் குளிரவைக்க ஒரு பறவை தண்ணீர் சுமந்து வருவதைப் பார்க்கக் கிடைத்தது. போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள். நீங்கள் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கும்.

பறவ வந்த நாளு தெரியுது. கெளம்பிப் போன நாள எப்படிக் கண்டுபிடிக்கறது?

இதுதான் கஷ்டமானது. வந்ததைப் பார்த்ததும் தெரியும். போனது, அடுத்த வாரம் அந்த இடம் காலியாக இருக்கும்போதுதான் தெரியும். எனவே "இன்று பார்த்தேன்" என்று வாரா வாரம் எழுதி வையுங்கள். கடைசியாக எழுதிய தேதிதான் போன நாளுக்கு மிகப் பக்கம். அதற்காகத்தான் ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்கிறேன். நோட்டு போதும். பறவை பார்த்த குறிப்புகளைச் சேர்த்து வைக்கிற இபேர்ட் இணையதளத்தில் பதிந்தால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் உதவும். 2015 முதல் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அப்படித்தான் பதிகிறார்கள்.

என் நோட்டில் ஒரு வருடம் பங்குனி 24க்கு நேரே "நீலச்சிறகி 11, கிழக்கு மூலை, ஆண்களுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு நன்றாகத் தெரிகிறது, விடாமல் மேய்கின்றன" என்று இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதே மூலையில் நாமக்கோழிகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.